நாலு டயரும் மாற்ற வேண்டும்: எந்த வகை என்று எப்படி முடிவு செய்வது?

வழித்துணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இதே காரை ஓட்டுகிறேன். டயரைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை. காற்று குறைந்தால் அடிப்பேன், பஞ்சர் ஆனால் ஒட்டுவேன், அவ்வளவுதான்.

போன வாரம் நல்ல மழை. சிக்னலில் பிரேக் அடித்தேன், கார் நிற்கவில்லை. காலடியில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கடகடவென்று அதிர, கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம் போய்த்தான் நின்றது. குறுக்கே யாரும் வராததால் தப்பித்தோம். பின் சீட்டில் மகள் இருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குனிந்து உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். முன் இரண்டிலும் பள்ளம் 2 மி.மீ. கூட இல்லை. பின் இரண்டில் 4 இருக்கும். எல்லாம் காரோடு வந்தவை. அளவு 205/55 ஆர்16 91வி.

மூன்று கடைகளில் கேட்டேன். ஒருவர் "225/55 போடுங்கள், அகலம் கூடினால் பிடிப்பு கூடும்" என்றார். இன்னொருவர் "எல்லாப் பருவத்துக்கும் ஆன டயர்தான் பாதுகாப்பு" என்றார். மூன்றாமவர் ஸ்போர்ட்ஸ் டயர் ஒன்றை எடுத்து வைத்து "இதற்கு மேல் எதுவும் இல்லை" என்றார். ஏன் என்று கேட்டால் மூவரிடமும் பதில் இல்லை. காரணம் தெரியாமல் வாங்க எனக்கு மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய நிம்மதி. 19 வருடம் டயர் மாட்டிக் கழற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். கடைக்குப் போகும் முன் நீங்கள் சில விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறீர்கள்? மழை எத்தனை மாதம்? மிகக் குளிர்ந்த காலையில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும்? பனி விழுமா? பெரும்பாலும் தனியாகப் போகிறீர்களா, முழுக் குடும்பமும் சாமானுமா? சாலை எப்படி? இதற்குப் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்குள் உங்கள் டயரில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவோம். 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 113 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் கட்டமைப்பு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரையிலான வேகத்துக்குச் சோதித்தது என்று பொருள். எச் என்றால் 210, டி என்றால் 190.

240-இல் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்பார்கள். அந்த எழுத்து வெறும் வேகத்தை மட்டும் சொல்வதில்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும், உள்கட்டுமானம் எவ்வளவு உறுதி என்பதும் அதில் அடங்கும். கார் நிறுவனம் கொடுத்த சுமைக் குறியீட்டுக்கும் வேகக் குறியீட்டுக்கும் கீழே இறங்க வேண்டாம். மேலே போகலாம்.


நெடுஞ்சாலை எழுதியது:

225 சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். ரப்பர் தரையில் அதிகம் பட்டால் பிடிப்பு அதிகம். என் காரில் ஒரு படி அகலமாகத்தான் போட்டிருக்கிறேன், வளைவுகளில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.


பட்டறைக்காரன் எழுதியது:

«ரப்பர் தரையில் அதிகம் பட்டால் பிடிப்பு அதிகம்»

காய்ந்த சாலையில், நல்ல டயரில், வளைவில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆனால் தம்பி வழுக்கியது மழையில். அங்கே கணக்கு மாறிவிடும். டயர் தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரைப் பிளந்து, பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும். அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும், தரையை அழுத்தும் எடை பரவலாகிவிடும். வேகம் கூடக் கூடத் தண்ணீர் ஒதுங்க நேரம் கிடைக்காமல் டயருக்கு அடியிலேயே ஆப்பு மாதிரி நுழைந்து டயரைத் தூக்கிவிடும். ஹைட்ரோபிளேனிங் என்பது இதுதான். அந்த நேரம் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும், பிரேக்கும் வேலை செய்யாது.

விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அலகில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், தண்ணீர் தேங்கிய தளத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் 'நாட்' என்ற அலகில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரும். 32 பிஎஸ்ஐ வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய மணிக்கு 94 கி.மீ. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் பள்ளத்தின் ஆழமும் டயரின் அகலமும் இதில் இல்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகப் புரியும்: காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். பள்ளம் தேய்ந்த டயர் அதற்கும் முன்பே மிதக்கும்.

இனி அளவு. 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. 225/55 ஆர்16 என்றால் 654. மூன்றரை சதவீதம் பெரிது. அதே ரிம்மில் உட்காரும் என்பதற்காக அதே காருக்குப் பொருந்தும் என்றாகிவிடாது. வேகமானி 100 காட்டும்போது முன்பைவிட மூன்றரை சதவீதம் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் சக்கர வளைவில் உரசலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான் முதல் தேர்வு. சில கார்களுக்கு அதிலேயே இரண்டு மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், அவற்றில் எது வேண்டுமானாலும் போடலாம்.


வழித்துணை எழுதியது:

அண்ணா, பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. நீங்கள் கேட்டவை: வருடத்துக்கு 14,000 கி.மீ. வரும். பாதி நகரம், பாதி நெடுஞ்சாலை. மழை வருடத்தில் நாலைந்து மாதம், அதுவும் கொட்டித் தீர்க்கும். குளிர்காலத்தில் அதிகாலை 12 டிகிரிக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. பனி இல்லை. பெரும்பாலும் இரண்டு பேர், மாதம் ஒருமுறை ஐந்து பேரும் பெட்டிகளும். சாலையில் அங்கங்கே குழிகள் உண்டு.


வெண்பனி எழுதியது:

உங்கள் விவரம் படித்தேன். எல்லாப் பருவ டயரைச் சொன்ன கடைக்காரருக்கான பதிலை நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் வருடத்தில் ஐந்து மாதம் பனியில் ஓட்டுகிறவள்.

ரப்பர் ஒரே மாதிரி இருக்கும் பொருள் இல்லை. கோடை டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைக்கத் தொடங்கும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும் மென்மை போய்விடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பரப்பில் கத்தியால் கீறியது மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவைதான் பனியைக் கவ்வுகின்றன. அதே டயரை வெயிலில் ஓட்டினால் குழைந்து, வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் நீளும். எல்லாப் பருவ டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மிதமான குளிர், எப்போதாவது பனி என்றால் அது நல்ல தேர்வு. உங்களுக்கு வெப்பநிலை 12-க்குக் கீழே இறங்குவதே இல்லை என்றால், தேவையே இல்லாத பனித் திறனுக்காக மழையிலும் வெயிலிலும் கிடைக்கக்கூடிய பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகிவிடும்.

பனி உள்ள இடத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பிவிடாதீர்கள். அது நிறுவனம் தானாகப் போட்டுக்கொள்ளும் குறி, அதற்குப் பனிச் சோதனை எதுவும் கட்டாயம் இல்லை. மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிச்செதிலும் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் கிடைக்கும்.

என் முதல் குளிர்காலத்தில் நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று கோடை டயரிலேயே ஓட்டினேன். கிளம்பும்போது அருமையாகக் கிளம்பியது. நாற்சந்தியில் நிறுத்த முயன்றபோது நிற்கவே இல்லை. நான்கு சக்கர இயக்கம் காரை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர் மட்டும்தான்.


வழித்துணை எழுதியது:

அக்கா, இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. அப்படியானால் கோடை டயர்தான். ஆனால் அதிலும் ஸ்போர்ட்ஸ், டூரிங், எக்கோ என்று எத்தனையோ வகை வருகிறதே?


மழைத்துளி எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். ரப்பர் கலவை ஆய்வகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

டயர் செய்பவர்களிடம் ஒரு முக்கோணம் உண்டு. ஒரு மூலையில் ஈரப் பிடிப்பு, இன்னொன்றில் உருளும்போது வரும் எதிர்ப்பு, அதாவது எரிபொருள் செலவு, மூன்றாவதில் தேய்மானம், அதாவது ஆயுள். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று சுருங்கும். ஸ்போர்ட்ஸ் டயர் பிடிப்பின் பக்கம் சாய்ந்தது, சீக்கிரம் தேயும், சவாரியும் கொஞ்சம் கடினம். எக்கோ டயர் உருளும் எதிர்ப்பைக் குறைக்கப் பார்க்கும். டூரிங் டயர் ஆயுள், அமைதி, சொகுசு இவற்றை முன்னால் வைத்து, மற்றதில் நடுத்தரமாக நிற்கும். வகையின் பெயர் விற்பனைப் பெயர்தான், அதற்குச் சட்ட வரையறை கிடையாது. ஒரு நல்ல டூரிங் டயர், சுமாரான ஸ்போர்ட்ஸ் டயரைவிட மழையில் முன்னதாகவே நிறுத்தக்கூடும்.

ஏன் மூன்றையும் ஒன்றாக அடைய முடியவில்லை? ரப்பர் நசுங்கி விரியும்போது கொஞ்சம் ஆற்றலைச் சூடாக இழக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வரும் மெதுவான நசுங்கலில் இந்த இழப்பு குறைவாக இருந்தால் எரிபொருள் மிச்சம். பிரேக் பிடிக்கும்போது சாலையின் சிறு கற்கள் ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரவைக்கும், அங்கே இழப்பு அதிகமாக இருந்தால்தான் பிடிப்பு. ஒரே ரப்பரிடம் இரண்டு எதிரெதிர் குணங்களைக் கேட்கிறோம். வெகுகாலம் கரிப்புகைத் தூள் சேர்த்த ரப்பர்தான் இருந்தது, டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் அதில் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்கா சேர்த்த டிரெட்டை, அதாவது தரையில் படும் ரப்பர் பரப்பை, சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரப் பிடிப்பு குறையாமல் உருளும் எதிர்ப்பைக் குறைக்க வழி கிடைத்தது அப்போதுதான். இன்று நல்ல கார் டயர் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. எவ்வளவு நன்றாகக் கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம்.

சரி, இதைக் கடையில் எப்படிப் பார்ப்பது? ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் 2021 மே முதல் உள்ள முறையில் ஈரப் பிடிப்புக்கும் எரிபொருளுக்கும் ஏ முதல் இ வரை தரம் இருக்கும், வெளிச்சத்தம் டெசிபலில் இருக்கும். ஈரப் பிடிப்பைச் சோதிக்க நனைந்த தளத்தில் 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கும் பிரேக் தூரத்தை அளக்கிறார்கள். உங்கள் நிலைமையில் நான் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான், ஏ அல்லது பி. எரிபொருள் எழுத்து சி-யாக இருந்தாலும் கவலைப்பட மாட்டேன்.

அமெரிக்க முறையில் பக்கவாட்டுச் சுவரிலேயே டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் மென்மை, 500 என்றால் நீண்ட ஆயுள் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை நிறுவனமே தன் சோதனையை வைத்துக் குறிக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரு வேறு நிறுவனங்களை ஒப்பிட நம்ப வேண்டாம். அதன் பக்கத்தில் டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி இருக்கும். அது நேர்கோட்டில் நனைந்த தளத்தில் டயர் பூட்டிக்கொண்டு இழுபடும்போது கிடைக்கும் பிடிப்பு மட்டும். வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இவை எல்லாம் புது டயரின் மதிப்பெண்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளம் தேயத் தேய ஈரப் பிடிப்பு இறங்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. கனமழை உள்ள இடத்தில் நான் 3 மி.மீ.-யிலேயே மாற்றிவிடுவேன். வழித்துணை, அன்று சிக்னலில் உங்கள் கார் நிற்காததற்குப் பெரும்பாலும் அந்தத் தேய்ந்த முன் டயர்களே காரணம், வகை அல்ல.


புதுஓட்டுநர் எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. என்னால் இப்போது இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்சக்கர இயக்கக் கார். புதியதை முன்னால் போடுவதா, பின்னாலா?


நெடுஞ்சாலை எழுதியது:

முன்னால்தான். இன்ஜின் எடை அங்கே, இழுப்பு அங்கே, ஸ்டியரிங் அங்கே, பிரேக்கின் பெரும் பங்கும் அங்கே. இதில் என்ன குழப்பம்?


பட்டறைக்காரன் எழுதியது:

இல்லை. பின்னால். எந்தச் சக்கர இயக்கமாக இருந்தாலும் பின்னால்தான். நான் பட்டறையில் சேர்ந்த புதிதில் நெடுஞ்சாலை சொன்னதையேதான் நம்பினேன், அப்படியே மாட்டியும் கொடுத்தேன். அதனால் சிறிது விளக்கமாகவே சொல்கிறேன்.

நல்ல டயர் முன்னால், தேய்ந்தது பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஒரு வளைவு. முன்பக்கம் நன்றாகப் பிடித்துத் திரும்பும். பின்பக்கம் தண்ணீரில் மிதந்து விலகும். கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்க்கும். அதைத் திருத்த எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைச் சரியான அளவு, சரியான கணத்தில் திருப்ப வேண்டும், பழக்கம் இல்லாதவர்களால் முடியாது. முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். இரண்டுமே ஆபத்துதான், ஆனால் இரண்டாவதில் மனிதருக்கு வாய்ப்பு அதிகம். டயர் நிறுவனங்களே இதைத்தான் பரிந்துரைக்கின்றன.

ஒருவர் புது டயரை முன்னால் மாட்டச் சொன்னார், மாட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கார் பின்புறம் தடுப்பில் மோதி நசுங்கி வந்தது. அவருக்குத் தோளில் அடி. மழையில் சுரங்கப்பாதைக்குள் இறங்கும் வளைவில் சுற்றிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் முன்னால் மாட்டியதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

முன் டயர் மிகவும் தேய்ந்திருந்தால், பின்னால் உள்ள நல்லதை முன்னால் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் போடுங்கள். நாலு சக்கர இயக்கக் காரில் நான்கின் பள்ளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது அந்தக் காரின் கையேட்டில் இருக்கும்.


நெடுஞ்சாலை எழுதியது:

பின்பக்கம் விலகும் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. வறண்ட சாலையை மட்டும் மனதில் வைத்துச் சொல்லிவிட்டேன். புதுஓட்டுநர், அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். என் பின் டயர்களையும் இன்றே அளக்கப் போகிறேன்.


மின்னோட்டம் எழுதியது:

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். பேட்டரியால் எடை கூடுதல், தொட்டவுடன் முழு முறுக்குவிசை. என் முதல் டயர்கள் நான் நினைத்ததைவிட வெகு சீக்கிரம் தேய்ந்துவிட்டன. மாற்றும்போது அளவை மட்டும் பார்த்து, சுமைக் குறியீடு குறைந்த டயரை வாங்க இருந்தேன். ஒரே அளவில் எக்ஸ்எல் என்று வலுவூட்டிய வகையும் சாதாரண வகையும் கிடைக்கும். உதாரணமாக 205/55 ஆர்16-இல் 91 என்றால் 615 கிலோ, எக்ஸ்எல் 94 என்றால் 670 கிலோ. இன்னும் கனமான கார்களுக்கு எச்எல் என்றே தனிக் குறி வந்துவிட்டது. இன்ஜின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் காதில் விழும், அதற்காக உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிய டயர்களும் உண்டு. அவற்றில் பஞ்சர் ஒட்டும்போது நுரையை அகற்றி ஒட்டத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.


வழித்துணை எழுதியது:

இன்று மறுபடி கடைகளுக்குப் போனேன். டூரிங் வகையில் ஈரப் பிடிப்பு ஏ உள்ள ஒன்று கிடைத்தது. அளவு, 91வி எல்லாம் சரி. பக்கவாட்டில் ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம், 1121 என்று. கடைக்காரர் "புது ஸ்டாக்" என்கிறார். இது என்ன?


பட்டறைக்காரன் எழுதியது:

வாங்க வேண்டாம் தம்பி. அது தயாரித்த வாரமும் வருடமும். 2021-இன் 11-ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து அதை விறைக்கவைக்கும். வெளிச்சம் படாத குளிர்ந்த கிடங்கில் ஒரு வருடம் கிடந்தது எனக்குப் பிரச்சினை இல்லை. இத்தனை வருடம் கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தது என்றால் நான் தொடமாட்டேன். பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் எப்படி இருந்தாலும் பத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. உங்கள் ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

நான்கு டயரிலும் தேதியை நீங்களே குனிந்து படியுங்கள். அந்த இலக்கம் சில டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், உள்பக்கம் திருப்பி மாட்டிவிட்டால் தெரியாது. அதனால் மாட்டும் முன் பாருங்கள். பள்ள வடிவம் வி போல ஒரே திசையில் ஓடினால் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். இடமும் வலமும் வேறுபட்ட வடிவம் என்றால் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அவசரத்தில் மாற்றி மாட்டுவது நடக்கிறது.


புதுஓட்டுநர் எழுதியது:

ரன்ஃபிளாட் எப்படி? ஸ்டெப்னியே வேண்டாம் என்கிறார்களே.


மழைத்துளி எழுதியது:

பக்கவாட்டுச் சுவரைத் தடிமனாக்கியிருப்பதால் காற்று போனபின்னும் பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். சவாரி கடினம், விலை கூடுதல், ஒருமுறை காற்றில்லாமல் ஓடியதைப் பழுதுபார்க்கப் பலரும் மறுப்பார்கள். அழுத்த எச்சரிக்கை விளக்கு இல்லாத காரில் போடவே கூடாது, காற்று போனதே உங்களுக்குத் தெரியாது.


வெண்பனி எழுதியது:

காற்றழுத்தத்தைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று சரியில்லை என்றால் வாங்கியது வீண். கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் உங்கள் காருக்கானது. டயரின் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பக் கூடாது. ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ குறையும், அதனால் பருவம் மாறும்போது கட்டாயம் பாருங்கள்.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே டிரெட் உரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். டயரின் தயாரிப்பு, வண்டியின் வடிவமைப்பு, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ அழுத்தம் எல்லாமே விவாதத்துக்கு வந்தன. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், நசுங்கினால் சூடேறும், சூட்டில் அடுக்குகளின் ஒட்டு தளரும். அந்த வருடமே அமெரிக்காவில் வந்த சட்டத்தின் விளைவாகத்தான் அழுத்த எச்சரிக்கைக் கருவி அங்கே புதுக் கார்களில் கட்டாயம் ஆனது. ஆனால் அந்த விளக்கு அழுத்தம் நன்றாகக் குறைந்த பிறகே எரியும். மாதம் ஒருமுறை கையால் அளப்பதற்கு அது மாற்று இல்லை.


வழித்துணை எழுதியது:

நான்கும் மாற்றிவிட்டேன். அதே 205/55 ஆர்16 91வி, டூரிங் வகை, ஈரப் பிடிப்பு ஏ, எரிபொருள் சி. வேறு கடையில் வாங்கினேன், நான்கும் தயாரித்து நாலு மாதம்தான் ஆகிறது. மாட்டும் முன் தேதியை நானே படித்தேன், வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தது வெளிப்பக்கமே இருக்கிறதா என்றும் பார்த்தேன். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்டில் முன் இடது சக்கரம் விலகியிருந்தது தெரிந்தது. பழைய டயரின் உள்விளிம்பு அதிகம் தேய்ந்ததற்குக் காரணம் அதுதானாம்.

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ. கழற்றும் முன் என் பழைய முன் டயர்களை அளந்தால் 25, 26. எத்தனை மாதமாக அப்படி ஓடினேனோ. சொந்தமாக ஓர் அழுத்தமானி வாங்கிவிட்டேன்.

நேற்று மழையில் அதே சிக்னல். வேகத்தைக் குறைத்தே போனேன், ஆனாலும் கால் வைத்தவுடன் நின்றது. மகளிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.


பட்டறைக்காரன் எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி தம்பி. இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. தயாரிக்கும் அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசும் வழுவழுப்பு புது டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும், முதல் சில நூறு கி.மீ. பதமாக ஓட்டுங்கள். 100 கி.மீ. ஓடுவதற்குள் சக்கர போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) வைத்துச் சரிபாருங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள், நான்கும் ஒன்றாகத் தேயும்.


வழித்துணை எழுதியது:

இன்று காலை போல்ட்டுகளைப் பார்த்துவிட்டேன் அண்ணா. பின் வலதில் ஒன்று கால் சுற்று இறங்கியது. மற்றவை சரியாக இருக்கின்றன. ஸ்டெப்னியின் தேதி எட்டு வருடத்துக்கு முந்தையது, அதையும் நாளை மாற்றப் போகிறேன்.